இரண்டு மொழியும் ஒரு குழந்தையும்

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம். இரண்டரை வயது மகன் சில சொற்கள்தான் பேசுகிறான். செலவில்லாமல் பிள்ளைகளோடு பழகவிட என்ன செய்யலாம்? – ஒரு தாய், சிலாபம்

தங்கச்சி, இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ‘தண்ணி’யும் சொல்தான், சிங்கள ‘வத்துர’வும் சொல்தான், சேர்த்தே எண்ணுங்கள். மாலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். கரைவலை இழுக்கும் காலமென்றால் இன்னும் நல்லது, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். அவர்களோடு சிப்பி பொறுக்கட்டும். ‘மீன்’ என்று காட்டிச் சொல்லிவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை காத்திருங்கள். முன்னேஸ்வரம் கோயில் வீதியும் காசு கேட்காது. ஆனால் இந்தக் கிழமையே மிட்வைஃபிடம் கிளினிக் கொப்பியைக் காட்டி, செவிப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இரண்டும் இலவசம். மூன்று வயதாகட்டும் என்று பொறுக்காதீர்கள்.