ராஜினாமா வேண்டாம், மனு எழுதுங்கள்

வேலையில் இருக்கும்போது பார்வை மங்கிப்போனாலோ, விபத்தில் கால் போனாலோ, "எதுக்கு இனிமே சிரமப்படுறீங்க, எழுதிக் கொடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இருங்க" என்று யாராவது சொல்லத் தொடங்கிவிடுவார்கள். உண்மையான அக்கறையோடு சொல்பவர்களும் அதில் உண்டு. யார் சொன்னாலும் ராஜினாமாவிலோ விருப்ப ஓய்வுக் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். போட்டபின் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்கள் பக்கம் நிற்கிறது. அரசுத் துறை, பொதுத்துறை வங்கி, அரசுப் போக்குவரத்துக் கழகம், அரசு உதவி பெறும் நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றும்போது ஒருவர் மாற்றுத்திறனாளி ஆனால், அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்கிறது பிரிவு 20. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணியிடம் எதுவும் காலியில்லையென்றால், கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும்.

தனியார் ஊழியருக்கு இவ்வளவு வெளிப்படையான பாதுகாப்பைச் சட்டம் தரவில்லை. அது பெரிய குறைதான். ஆனாலும் கைவிட்டுவிடவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 21. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு என்னென்ன வசதி, அதற்குப் பொறுப்பான தொடர்பு அலுவலர் யார் என்பதும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். முதலில் அதன் நகலைக் கேளுங்கள். நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்வதையும் மனதில் வையுங்கள்.

இனி மனு. "உடல்நிலை கருதி உதவ வேண்டுகிறேன்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த வேலையில், எந்த இடத்தில் தடை, என்ன செய்தால் அது நீங்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பார்வை குறைந்த ஒரு கணக்கரை எடுத்துக்கொள்வோம். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். ஆனால் பில்லை ஸ்கேன் செய்து வெறும் படமாக அனுப்பினால் அதனால் நேரடியாகப் படிக்க முடியாது; எக்ஸெல் கோப்பாக அனுப்பினால் படித்துவிடும். எனவே அவர் கேட்க வேண்டியவை மூன்று: அந்த மென்பொருளை நிறுவ அனுமதி, ஒரு ஹெட்ஃபோன், பில் விவரங்களை எக்ஸெலில் அனுப்பும்படி ஓர் உத்தரவு. நிர்வாகத்துக்கு அளவுக்கு மீறிய சுமை தரும் மாற்றத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் இப்படித் துல்லியமாகக் கேட்கச் சொல்கிறேன். ஹெட்ஃபோனைச் சுமை என்று யாரும் எழுத்தில் சொல்ல மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பாதிப்பு 40 சதவீதம் இல்லையே என்று தயங்க வேண்டாம். இடஒதுக்கீட்டுக்குத்தான் அந்த அளவுகோல். விகாஷ் குமார் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், நியாயமான வசதி கோர 40 சதவீதம் கட்டாயமில்லை என்று தெளிவாக்கிவிட்டது. எழுதும்போது கையில் தசைப்பிடிப்பு வரும் ஒரு தேர்வர், தேர்வில் தான் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டுத் தொடுத்த வழக்கு அது.

மனுவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதும் மறுத்ததும் நாளைக்குச் சாட்சிக்கு வராது. பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்; மத்திய அரசு நிறுவனமென்றால் தலைமை ஆணையரிடம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

புகார் நிலுவையில் இருக்கும்போது நீங்களாக வேலைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். வாசலில் தடுத்தால், தடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதை அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.