கரோல் ஷாவின் முதல் ஆட்டம்

கேள்வி: ‘ரிவர் ரெய்ட்’ வீடியோ கேமை உருவாக்கிய கரோல் ஷா அதற்கு முன் செய்த ஆட்டங்கள் எவை?

பதில்: 1978இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்த கரோல் ஷா, அட்டாரி 2600 கருவிக்காக எழுதி வெளிவந்த முதல் ஆட்டம், இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்ட ‘3-டி டிக்-டாக்-டோ’ ஆகும், அதற்கு முன் அவர் எழுதிய ‘போலோ’ விற்பனைக்கே வரவில்லை. நான்கு அடுக்குகளில் 64 கட்டங்களும் வெற்றி தரும் 76 கோடுகளும் கொண்ட அந்த ஆட்டத்தை, தற்காலிக நினைவகமாக 128 பைட் மட்டுமே உள்ள கருவியில் இயங்கச் செய்தது சாதாரணத் திறமையன்று. தொலைக்காட்சித் திரையை வரி வரியாக வரையும் பொறுப்பும் ஆட்டத்தைக் கணக்கிடும் அதே செயலியைச் சேர்ந்ததால், அது அடுத்த காயைப் பற்றிக் கணக்கிடும்போது கட்டங்கள் மறைந்து வெறும் நிறங்களே தோன்றும். மிகக் கடினமான எட்டாம் நிலையில் ஒரு நகர்வுக்கு 20 நிமிடம்வரை ஆகக்கூடும் என்பதால், ஆடுபவருக்குப் பொறுமையும் வேண்டியிருந்தது.

இந்த நினைவகச் சிக்கனமே 1982இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட ‘ரிவர் ரெய்ட்’டில் முழுமை பெற்றது. அந்த ஆட்டத்தில் வரும் ஆற்றின் கரைகளைச் சேமித்து வைக்காமல், ஒரே தொடக்க எண்ணிலிருந்து எப்போதும் ஒரே வரிசையில் எண்களைப் பிறப்பிக்கும் கணித முறையால் அவற்றை அவ்வப்போது உருவாக்கியதால், நெடிய ஆறு 4 கிலோபைட் கேட்ரிட்ஜில் அடங்கிற்று.