பழைய வீட்டுச் சமையலறையில் சிம்னி குழாய் இடிக்கிறதா?

உத்திரமும் பரணும் உள்ள சமையலறையைப் புதுப்பிக்கும்போது, அலமாரிக்கு அளவெடுக்கும் முன்பே சிம்னி குழாயின் பாதையைச் சுவரில் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள்.

● உத்திரத்தையோ கான்கிரீட் பீமையோ குடைய வேண்டாம். கூரையின் பாரம் அதில்தான் நிற்கிறது. குழாயை அதன் கீழே கொண்டுபோங்கள்.

● அடுப்பை வெளிச்சுவர் ஓரமாக வைத்தால் குழாயின் நீளம் குறையும். வளைவு கூடக்கூட உறிஞ்சும் வேகம் குறையும். 90 டிகிரி வளைவு ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி வளைவுகள் இரண்டு நல்லது.

● சிம்னியின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் கடைசிவரை 6 அங்குலமே இருக்கட்டும். மடிப்புக் குழாயைச் சுருங்கவிடாமல் நன்றாக இழுத்துப் பொருத்துங்கள். மடிப்புகளில்தான் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும்.

● புகையைப் பரணுக்குள் விடவே கூடாது. பிசுக்கு படிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

● வெளியே தெரியும் குழாயை, அலமாரியின் அதே மரநிறத்தில் பலகையடித்து மறையுங்கள். ஒரு பலகையை மட்டும் திருகாணியில் பொருத்தினால், சுத்தம் செய்யக் கழற்றலாம்.

● வெளிமுனைக்கு, தானே மூடிக்கொள்ளும் மூடி போடுங்கள். மழையும் பல்லியும் புறாவும் உள்ளே வராது.