தாளின் வெள்ளையை விட்டுவையுங்கள்

கேள்வி: சில வருடங்களாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்துவருகிறேன். மாலையில் வீட்டில் டியூஷனும் எடுக்கிறேன். படிக்க வரும் பிள்ளைகள், “டிராயிங்கும் சொல்லிக் கொடுங்க மிஸ்” என்று கேட்கிறார்கள். பலகை, தங்க ரேக் என்று அவர்களைச் செலவில் இழுத்துவிட மனமில்லை. நீர்வண்ணம் வாங்கி முதலில் நானே போட்டுப் பார்த்தேன். தாள் அலை அலையாகச் சுருங்குகிறது. வயல் வரைந்தால் பச்சைச் சேறாகிவிடுகிறது. எங்கே தவறு? என்னென்ன வாங்க வேண்டும்? பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. அது வேறொரு முறைக்குப் பழகிய கை, அவ்வளவுதான். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையில் துணி ஒட்டி, மக்கு வைத்து மேடாக்கி, கல் பதித்து, ரேக் ஒட்டி, பிறகு வண்ணம் தீட்டுகிறீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று கூடுகிறது, மேலே வருவது கீழே இருப்பதை மூடுகிறது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். நிறப்பொடியும் பிசினும் தண்ணீரில் கரைந்து மெல்லிய படலமாகப் படிகின்றன. வெளிச்சம் அந்தப் படலத்தை ஊடுருவித் தாளைத் தொட்டுத் திரும்புவதால்தான் படம் ஒளிர்கிறது. பூச்சின் மேல் பூச்சாக ஏற்றும்போது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நீங்கள் சொல்லும் சேறு அதுதான்.

ஆகவே, தூரிகையை நனைக்கும் முன்பே எதை விடப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். வயலில் நிற்கும் கொக்கு, வெயில் விழும் படித்துறைப் படி, வாய்க்காலில் மின்னும் தண்ணீர் ஆகிய இடங்களைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொண்டு தொடாமல் விடுங்கள். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். ஒரு பூச்சு முழுதும் காய்ந்த பிறகே அடுத்தது. மூன்று பூச்சுக்கு மேல் வேண்டாம். காய்ந்ததா என்று அறிய, புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் உண்டு.

நம் ஊரின் பருவத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி நண்பகலில் வானத்தைப் பூசிக் கீழே வருவதற்குள் மேற்பகுதி காய்ந்து கோடு விழும். காலையில் உட்காருங்கள், தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அதே பூச்சு காய நெடுநேரமாகும். அப்போது பொறுமைதான் வழி.

பொருள்களில் முதல் செலவு தாளுக்கே. சார்ட் பேப்பரும் பள்ளி டிராயிங் நோட்டும் தண்ணீர் தாங்காது. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் வாங்கி நான்காக வெட்டுங்கள். நான்கு ஓரமும் பலகையிலோ பரீட்சை அட்டையிலோ டேப்பால் ஒட்டிவிட்டால் சுருக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். வண்ணத்துக்கு மாணவர் தர டியூப் போதும். லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், பிரஷியன் புளூ என்ற ஆறும் கலந்தால் டெல்டாவில் கண்ணில் படும் நிறங்களில் பெரும்பாலானவை வந்துவிடும். உருண்டைத் தூரிகையில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று. தண்ணீருக்கு இரண்டு டம்ளர் வையுங்கள்: தூரிகை கழுவ ஒன்று, நிறம் கலக்க ஒன்று. கறுப்பும் டியூபில் வரும் பச்சையும் முதல் வருடம் வேண்டாம்.

பச்சையை ஏன் விலக்கச் சொல்கிறேன் என்றால், நம் வயலில் ஒரே பச்சை கிடையாது. நாற்றங்காலின் இளம்பச்சைக்கு லெமன் எல்லோவில் துளி பிரஷியன் புளூ போதும். நட்ட பயிர் வேர்பிடித்துத் தூர் கட்டும்போது நீலத்தின் பங்கைக் கூட்டுங்கள். தூரத்துத் தென்னந்தோப்புக்கு எல்லோ ஓக்கரும் அல்ட்ராமரைனும் கலந்த மங்கல் பச்சை. கதிர் முற்றிய வயலுக்கு எல்லோ ஓக்கரில் சிறிது பர்ன்ட் சியன்னா. இவற்றைச் சின்னக் கட்டங்களாகப் பூசி, எந்த மாதம், எந்த வயல் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். குறுவை நாற்று முதல் சம்பா அறுவடை வரை இப்படிச் செய்து முடித்தால், கடையில் கிடைக்காத பாடநூல் ஒன்று உங்களிடம் இருக்கும்.

பயிற்சிக்கு இரண்டு காட்சிகள் சொல்கிறேன். முதலாவது, நடவு முடிந்த வயல். அப்போது வயலெங்கும் வானம்தான் தெரியும். தாளின் மேலிருந்து கீழ்வரை வானத்தின் நிறத்தை ஒரே பூச்சாக இறக்குங்கள். காய்ந்ததும் வரப்பை ஒரு கோடாக இழுத்து, நாற்றுகளைச் சிறு தொடுகைகளாக வையுங்கள். சீரான பூச்சு இதில் கைவரும். இரண்டாவது, மார்கழி, தை மாதத்துப் பனிமூட்டம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பல் நிறம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தூரத்துப் பனைமரத்தை மிக வெளிறியும் நடுவில் உள்ளதைச் சற்று அடர்த்தியாகவும் அருகில் இருப்பதைக் கருமையாகவும் போடுங்கள். தூரத்தை எப்படிக் காட்டுவது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

இந்தக் கலை தஞ்சைக்கு அந்நியம் என்று எண்ணிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சை ஓவியர்கள் ஐரோப்பியருக்காகத் தாளில், நீரில் கரைத்த வண்ணத்தில், பல தொழில் செய்யும் மக்களையும் விழாக்களையும் வரைந்து தந்தார்கள். கம்பெனி ஓவியம் என்று சொல்லப்படும் அந்தத் தொகுப்புகள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரையச் செய்து சிகிச்சைக் குறிப்புகளோடு பாதுகாத்தார். சரசுவதி மகால் நூலகத்தில் அவை உள்ளன. பூசைக்குரிய படத்துக்குப் புகழ்பெற்ற ஊரில், கண்ணெதிரே இருப்பதைக் கூர்ந்து பார்த்து வரையும் மரபும் இருந்திருக்கிறது. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வரைந்த சித்திரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊரைப் பார்த்துப் பழகிய கண் என்ன செய்யும் என்று அவர்களுக்கே விளங்கும்.

இனி பிள்ளைகள் விஷயம். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு குடிசை. பாபநாசத்தில் எந்த மாடியில் ஏறினாலும் மலை தெரியாது. கண்ணுக்கெட்டியவரை சமவெளிதான். ஆனாலும் மலை வருகிறது. ஒருவர் வரைந்த மாதிரியை இன்னொருவர் பார்த்து வரைய, அதையே அடுத்த வகுப்பும் வரைகிறது. நம் பிள்ளைகளிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. பார்க்கச் சொல்லித் தர ஆளில்லை. நீங்கள் அந்த ஆளாக இருங்கள்.

மாதிரிப் படம் கொடுக்காதீர்கள். எட்டு வயதுக்குக் கீழே என்றால் பெரிய தூரிகையும் ஒரே நிறமும் தந்து, தண்ணீர் தாளில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவிடுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு செம்பையோ வாழைப்பூவையோ வைத்து, “எது உயரம்? எது அகலம்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?” என்று கேளுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் தனித்தனியாகப் பிரியும், அதைப் பழக்குங்கள். வரப்பில் நிற்கவைத்து அடிவானம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடிவானக் கோடு எப்போதும் நம் கண்மட்டத்தில்தான் இருக்கிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். வரைந்த தாளின் மேல் உங்கள் பென்சிலால் திருத்தாதீர்கள். சொல்ல வேண்டியதை உங்கள் தாளில் வரைந்து காட்டுங்கள். மதிப்பெண்ணும் போடாதீர்கள்.

ஆர்வம் மிகுந்த பிள்ளைகளை ஜவகர் சிறுவர் மன்றத்துக்கு அனுப்பலாம். பின்னர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் எழுதலாம். பிளஸ் டூ முடித்தால் கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது.

தொடங்குவதற்கு உங்கள் ஊரிலேயே அருமையான இடம் உண்டு. திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் நிற்கிறது. வட்டமான கட்டடம்; ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல், நடுவில் ஒன்று மற்றொன்றாக மாறும் பகுதி. பாடம் நடத்த இதைவிட எளிய வடிவம் கிடைக்காது. அடுத்த ஞாயிறு காலை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், பென்சிலும் பர்ன்ட் சியன்னா ஒரு நிறமும் மட்டும் கொடுங்கள். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து வரையுங்கள்.