வேலைத்தளத்துக்கு எந்தக் கைபேசி? – அட்டைப்பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கும் முறை

மல்லேஸ்வரத்தில் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பி வருவதை அன்பர்கள் அறிவீர்கள். மார்கோசா ரோட்டுப் பக்கம் காலையில் நடந்து போனால், ஏதாவது ஒரு சாரத்தின் மேலிருந்து தமிழ்க் குரல் காதில் விழும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார், கம்பி கட்டுபவர், பிளம்பர், பெயிண்டர் என்று பலர் இங்கே உழைக்கிறார்கள். அவர்களில் அறிமுகமான சிலர், "சார், கீழே விழுந்தாலும் தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாத போன் எது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. ரயில்வேயில் இருந்தவனுக்கு எந்த இயந்திரமும் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. கேள்வி நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நமக்குக் கைபேசி ஒரு வசதி. அவர்களுக்கு அது கரணை, ரசமட்டம் போல ஒரு வேலைக் கருவி. காலையில் மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான். கூலி வருவதும் அதில்தான். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வேலை செய்த ஒரு பிளம்பர், சம்ப் தொட்டிக்குள் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த போன் உள்ளே விழுந்துவிட்டது. 'வாட்டர்புரூப்' என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். தண்ணீர் புகுந்த பழுது வாரண்டியில் வராது என்று அதே கடையில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் போன் இல்லை. அந்த மூன்று நாளில் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்று அவர் எடுத்து வைத்திருந்த படங்கள். இனி அந்தக் குளியலறையில் துளை போட வேண்டுமென்றால் குருட்டு அடிதான்.

ரயில்வேயில் தண்டவாளத்தின் ஓரத்தில் வைக்கும் சாதனங்களை வாங்கும்போது, தயாரிப்பாளர் சேர்க்கும் அடைமொழிகளை நாங்கள் பார்ப்பதில்லை. என்ன சோதனை, எத்தனை முறை, எந்த நிலையில், யார் முன்னிலையில் என்றுதான் கேட்போம். லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ. வகுத்த விதிகளின்படி சிக்னல் சாதனங்கள் வெப்பம், ஈரம், தூசி, அதிர்வு என்று ஒவ்வொன்றிலும் தேறி வரவேண்டும். கைபேசி வாங்கும்போதும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் நல்லது.

முதலில் 'ஐ.பி.' எண். இது ஐ.இ.சி. 60529 என்னும் சர்வதேசத் தர விதியிலிருந்து வருவது. இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசியில் 5 என்றால் கொஞ்சம் புகலாம், ஆனால் வேலை கெடாது. 6 என்றால் புகவே கூடாது. தண்ணீரில் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5, 6 என்பவை பீய்ச்சியடிக்கும் நீருக்கு; 6-க்கான சோதனையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் அடிப்பார்கள். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்பது அதைவிடக் கடுமையான மூழ்கல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். 9 என்பது 80 டிகிரி வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் அடித்துப் பார்ப்பது.

இங்கே பலரும் அறியாத ஒரு சங்கதி உண்டு. 8 பெரிய எண் என்பதால் 5-ம் 6-ம் அதற்குள் அடங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. மூழ்கல் வேறு, பீய்ச்சல் வேறு. நின்ற நீரில் தாக்குப்பிடிக்கும் ரப்பர் வளையம், ஹோஸ் பைப்பின் வேகத்தில் விலகிவிடலாம். இரண்டையும் தாங்கும் என்றால் 'ஐ.பி. 66, ஐ.பி. 68' என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் அடிப்பவர்கள் இதைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சோதனைகள் புத்தம் புதிய கருவியில், நல்ல தண்ணீரில் நடப்பவை. தூசிச் சோதனைக்கு அவர்கள் பயன்படுத்துவது டால்கம் பவுடர்! நம் சைட்டில் இருப்பதோ சிமெண்டு. சிமெண்டுத் தூள் சார்ஜர் துளையில் போய் உட்கார்ந்து, வியர்வை ஈரம் பட்டால் அங்கேயே இறுகிவிடும். சிமெண்டுக் கலவையின் நீர் கடுமையான காரம் உடையது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். கொத்தனாரின் கையையே அரித்துவிடுகிற காரம், துளையில் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டை விட்டுவைக்குமா? போன் கீழே விழுந்த பிறகு தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லியும் அந்த விதி கேட்பதில்லை. சைட்டில் நடப்பதோ அந்த வரிசையில்தான்.

இதெல்லாம் என் சொந்தச் சந்தேகம் என்று எண்ண வேண்டாம். 2022 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம், தண்ணீரில் பயன்படுத்தலாம் என்று தவறான எண்ணம் தரும் விளம்பரங்களுக்காகச் சாம்சங் கம்பெனியின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நீச்சல் குளத்து நீரும் கடல் நீரும் பட்டு, சார்ஜர் துளை அரித்துப் போகக்கூடும் என்பதுதான் அங்கே பேசப்பட்ட பிரச்சினை. 2020 நவம்பரில் இத்தாலியில் ஆப்பிள் கம்பெனிக்கும் இதே போன்ற காரணத்துக்காக 1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. ஐ.பி. எண் பொய்யில்லை. அது சோதனைக்கூடத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவே. ஒரு முறை போனைத் திறந்து திரை மாற்றினால், பசையையும் ரப்பரையும் முறையாகப் புதிதாகப் போடாதவரை, அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. தெருமுனைக் கடையில் கண்ணாடி மாற்றிய போனை மழையில் நனையவிட வேண்டாம்.

அடுத்து 'மில்-ஸ்டாண்டர்டு 810'. அமெரிக்க ராணுவத்தின் இந்த விதி 1962-இல் முதலில் வந்தது. அதன் ஜி பதிப்பு 2008-இல், எச் பதிப்பு 2019-இல். விளம்பரத்தில் 'ராணுவத் தரம்' என்று பெரிதாகப் போடுவார்கள். ராணுவம் அந்தப் போனைப் பார்த்ததுகூட இல்லை! இதற்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகமும் கிடையாது. விதியில் ஏராளமான சோதனைகள் உள்ளன. அவற்றில் எவை தேவை என்று தயாரிப்பாளரே தேர்ந்து, தானே செய்து, தானே தேறியதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே எந்தச் சோதனைகள் என்று கேளுங்கள். பட்டியல் கொடுக்காத கம்பெனியின் 'ராணுவத் தர'த்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கீழே போடும் சோதனையை மட்டும் சற்றுப் பார்ப்போம். ஜி பதிப்பின்படி கையில் பிடிக்கும் சாதனத்தை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். ஏன் 26? ஒரு பெட்டிக்கு முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8; கூட்டினால் 26. ஒவ்வொன்றும் ஒரு முறை அடி வாங்குகிறது. அழகான கணக்கு. ஆனால் இந்த 26 அடிகளையும் ஒரே சாதனம் வாங்க வேண்டியதில்லை. ஐந்து சாதனங்கள் வரை பிரித்துக்கொள்ளலாம். விழும் தரையோ கான்கிரீட்டின் மேல் பரப்பிய இரண்டு அங்குல ஒட்டுப்பலகை.

122 சென்டிமீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இரண்டாம் மாடிச் சாரம், அதாவது 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 39 கிலோமீட்டர். அடியின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கீழே பலகை இல்லை, ஜல்லியும் கம்பி முனையும். எந்த 'ராணுவத் தர'மும் அதற்கு உத்தரவாதம் இல்லை. போன் போனால் போகட்டும். கீழே சித்தாள் ஒருவர் நின்றால்? கெட்டியான ரக போன்கள் பல 300 கிராமுக்கு மேல் கனக்கும். 39 கிலோமீட்டர் வேகத்தில் அது தலையில் விழுவதை நினைத்துப் பாருங்கள். சாரத்தில் ஏறுபவருக்குக் கனமான உறுதியான போனைவிட, லேசான போனும் அதை இடுப்புப் பட்டையோடு கட்டும் ஒரு கயிறும்தான் பாதுகாப்பு என்பது என் முடிவு. கயிற்றின் விலை நூறு, இருநூறு ரூபாய்.

ஆகவே எந்தப் போன் என்பதற்கு முன், உங்கள் தொழிலில் போனைக் கொல்வது எது என்று பார்க்க வேண்டும்.

பிளம்பருக்குத் தண்ணீர், அவர் ஐ.பி. 68-க்குப் பணம் கொடுப்பது தகும். கொத்தனாருக்குச் சிமெண்டு; அவருக்குச் சார்ஜர் துளையை மூடும் ரப்பர் மூடியுள்ள கவர் முக்கியம். அவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. செங்கல்லும் கலவையும் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்துபோயிருக்கும். ரேஷன் கடையில் ரேகை விழாமல் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். போனின் ரேகைப் பூட்டும் அவரைத் திருப்பி அனுப்பும். விரல் ரேகை வசதிக்காக அவர் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். எண் பூட்டே போதும். வெல்டர், கிரைண்டர் பிடிப்பவர்களுக்கு இரும்புத் தூள். போனின் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. தூள் அதில் போய் அப்பிக்கொண்டு சத்தமே அடங்கிவிடும். காந்தம் வைத்த கவரை அவர்கள் தொடவே கூடாது. பெயிண்டர் திரையில் பட்ட பெயிண்டைத் தின்னர் தொட்டுத் துடைப்பதை நிறுத்த வேண்டும்; அது பிளாஸ்டிக்கையும் திரையின் மேல்பூச்சையும் கெடுக்கும்.

எல்லோருக்கும் பொதுவானது வெயில். பெங்களூரில் 2016 ஏப்ரல் 24-ஆம் தேதி 39.2 டிகிரி பதிவானது. தளத்தின் மேலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைத்த போன் அதைவிட எவ்வளவோ சூடாகும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். நிழலில், ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். கடையில் வாங்கும்போது வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து திரை தெரிகிறதா என்று பாருங்கள். விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள்; கையுறை போடுபவர் அதையும் எடுத்துப் போகட்டும். மணியோசை கலவை மெஷின் சத்தத்தில் கேட்குமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

விலை விஷயத்துக்கு வருவோம். வேலைத்தளத்துக்கென்றே செய்த போன்கள் நம் நாட்டில் குறைவு. சாம்சங் எக்ஸ்கவர் 7 என்னும் மாடல் 2024-இல் இங்கே வந்தது, ஐ.பி. 68, கழற்றி மாற்றும் பேட்டரி, 240 கிராம் எடை. கழற்றும் பேட்டரி எனக்குப் பிடித்த அம்சம். இரண்டு வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் போனைப் பிரிக்காமலே மாற்றலாம், ரப்பர் பசை கெடாது. அதே 2024-இல் ஒப்போ எஃப்27 புரோ பிளஸ் போன்ற சாதாரணத் தோற்றமுள்ள போன்களே ஐ.பி. 66, 68, 69 என்று மூன்றும் போட்டு வரத் தொடங்கின. கேட்டர்பில்லர் பெயரில் உறுதியான போன்களைச் செய்துவந்த புல்லிட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2024-இல் முடங்கிவிட்டது. அதன் போனை வாங்கியவர் உதிரி பாகத்துக்கு எங்கே போவார்? சர்வீஸ் செண்டர் பெங்களூரில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் வெளிநாட்டு மாடல் எதையும் வாங்க வேண்டாம். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி-யில் குரல் பேசும் 'வோல்டி' வசதி இங்கே வேலை செய்யாவிட்டால் அந்தப் போனால் பேசவே முடியாது.

இந்தக் காலத்தில் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நோக்கியா 1100 நினைவுக்கு வராமல் இருக்காது. 2003-இல் வந்த அந்தப் போனில் தூசி புகாத ஒரே துண்டு ரப்பர் பட்டன்கள், வழுக்காத ஓரங்கள், ஒரு டார்ச் விளக்கு. உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. யாரும் அதை 'ராணுவத் தரம்' என்று விற்கவில்லை.

அதன் வாரிசுகள் இன்றும் கிடைக்கின்றன. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: முப்பதாயிரம் ரூபாய் போன் ஒன்றுக்குக் கடன் வாங்க வேண்டாம். உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் ஐ.பி. எண்ணுள்ள நடுத்தர விலைப் போன் ஒன்று, நல்ல கவர், கயிறு. கூடவே ஒரு 4ஜி பட்டன் போன். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த யு.பி.ஐ. 123பே மூலம் பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம், பெறலாம். பெரிய போன் செத்த அன்றே சிம்மை இதில் போட்டால் மேஸ்திரியின் அழைப்பு தவறாது. எண்களைச் சிம்மிலும் ஒரு பாக்கெட் நோட்டிலும் எழுதி வையுங்கள். குழாய், ஒயர் படங்களை அன்றன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவரிடம் ஒரு பிரதி இருக்கும். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க எண்ணையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சைட்டில் போன் திருடுபோனால், 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.