ஜெனரல் வந்தால் வணக்கம் சொல்லுங்கள், ஆர்டர் கேட்காதீர்கள்

ராணுவத் தளவாடக் கண்காட்சி என்றால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இன்னமும் 2018 ஏப்ரலைத்தான் சொல்வார்கள். 11ஆம் தேதி முதல் 14 வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் திருவிடந்தையில் பத்தாவது டிஃபெக்ஸ்போ நடந்தது. 1999இல் டெல்லியில் தொடங்கி, 2016இல் கோவாவுக்குப் போய், அடுத்து நம் பக்கம் வந்த கண்காட்சி அது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கப் போகிற நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் ஊரில் டாங்கிகள் வந்து நின்றன. 12ஆம் தேதி பிரதமர் மோடி முறைப்படி தொடங்கிவைத்தார். அதே நாளில் காவிரிக்காகச் சென்னையில் கறுப்புக் கொடி பறந்தது. 500க்கு மேற்பட்ட இந்திய நிறுவனங்கள், 150க்கு மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள், 40க்கு மேற்பட்ட நாடுகளின் அரசுக் குழுக்கள் வந்திருப்பதாக அவரே மேடையில் சொன்னார்.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு சிறு பட்டறை, வீடு விழுப்புரத்தில். லேத், சிஎன்சி, ரப்பர் மோல்டிங் பிரஸ், இவ்வளவுதான் சொத்து. ஆரம்பத்தில் ரைஸ் மில்லுக்கும் சர்க்கரை ஆலைக்கும் புஷ், சீல், கேஸ்கெட் போட்டுக்கொடுத்தோம். பிறகு ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் பொருள் கொடுக்கிற சென்னை நிறுவனம் ஒன்றின் ஜாப் ஒர்க் கிடைத்தது. அந்தக் கதவு வழியாகத்தான் திருவிடந்தை, பெங்களூரு எலஹங்காவின் ஏரோ இந்தியா, 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் டிட்கோ சென்னையில் நடத்திய ஏரோடெஃப்கான் எல்லாம் பழக்கமாயின. தளபதிகளும் அமைச்சர்களும் வெளிநாட்டுப் படைத் தலைவர்களும் சில அடி தூரத்தில் நடந்து போகிற இடங்கள் இவை. அங்கே யாரிடம் என்ன பேசுவது, எதைப் பேசவே கூடாது என்று நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி என்னைக் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஸ்டால் போடும்போதெல்லாம் கூடவே என் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போவேன். ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தூரத்தில் வரும்போதே காலரைப் பார்த்துச் சொல்லிவிடுவார். "காலர்ல செவப்புப் பட்டை இருக்கு பாரு. கர்னலோ, அதுக்கு மேலயோ. நீயா கை நீட்டாத. அவரு நீட்டினா நீ நீட்டு." நம் ராணுவத்துக்கு இது போதும். வெளிநாட்டுக் குழு என்றால் சீருடையை விட்டுவிட்டு நடையைப் பார்க்க வேண்டும் என்பார். முன்னால் வழிகாட்டிக்கொண்டு வருகிறவர் நம் ராணுவத்தின் தொடர்பு அதிகாரி. நடுவில் வருகிறவர் தலைவர், எல்லாருடைய கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். அவர் தோளை ஒட்டி, காதில் ஏதாவது சொல்லிக்கொண்டே வருகிறவர்தான் டெல்லித் தூதரகத்தில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரி, அதாவது டிஃபென்ஸ் அட்டாஷே. கடைசியில் சின்ன நோட்டோடு வருகிறவர் குறிப்பெடுப்பவர்.

நம்மவர்கள் நடுவில் இருப்பவரை நோக்கியே பாய்கிறார்கள். போட்டோ எடுக்க வேண்டும், பட்டறைச் சுவரில் மாட்ட வேண்டும், முகநூலில் போட வேண்டும். மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தத் தலைவர் அன்று இரவே விமானம் ஏறிவிடுவார், உங்கள் ஸ்டாலின் பெயர் அவருக்கு நினைவிருக்காது. அட்டாஷே டெல்லியிலேயே குடியிருப்பவர். அவரிடம் கொடுத்த விசிட்டிங் கார்டுக்கு மின்னஞ்சலில் பதில் வர வாய்ப்புண்டு. எனக்கு வந்திருக்கிறது. தன் நாட்டில் இந்த வகைச் சாமான்களை வாங்கும் அலுவலகம் எது, விற்பனையாளர் பதிவை எங்கே செய்வது என்று இரண்டே வரி. ஆர்டர் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வரிக்காக இடைத்தரகர் ஒருவர் என்னிடம் முன்பே பணம் கேட்டிருந்தார்.

படைத் தலைவர்கள் நம்மிடம் வாங்க வருவதில்லை என்பதைச் சிறு தொழில்காரர்கள் தெரிந்துகொண்டுவிட்டால் பாதி ஏமாற்றம் தீரும். அவர்கள் பேசுவது ஏவுகணை, கப்பல், விமானம் பற்றி. அந்தப் பேச்சுக்கும் காலம் பிடிக்கும். பிலிப்பைன்ஸ் பிரமோஸ் ஏவுகணை வாங்க 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது 2022 ஜனவரியில். முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது 2024 ஏப்ரலில். ஒப்பந்தத்துக்கு முன்னால் எத்தனை சந்திப்பு, எத்தனை கைகுலுக்கல் நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஒப்பந்தத்தின் அடியில், மூன்றாவது நான்காவது படியில்தான் நம் புஷ்ஷும் சீலும் இருக்கின்றன. அந்தப் படியில் நமக்கு ஆர்டர் போடுகிறவர் பெரிய நிறுவனத்தின் சோர்சிங் மேலாளர். அவர் சீருடையில் வரமாட்டார். பெரும்பாலும் முதுகுப்பையோடு, சோர்ந்த முகத்தோடு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வருவார். என் ஸ்டாலில் அந்த நேரத்தில் யாரும் சாப்பிடப் போவதில்லை. முறை போட்டு முன்னாலேயே சாப்பிட்டுவிடுவோம்.

கூட்டணி விவகாரத்துக்கு வருகிறேன், இதில்தான் நம்மவர்கள் வாயை விடுகிறார்கள். நேட்டோ 1949இல் 12 நாடுகளோடு தொடங்கியது. பின்லாந்தும் சுவீடனும் சேர்ந்த பிறகு 32. இந்தியா அதில் இல்லை, வேறு எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட்டில் இருக்கிறோம், ஆனால் அது போரில் கைகொடுக்கக் கையெழுத்திட்ட கூட்டணி அல்ல. அதனால்தான் நம் கண்காட்சிக்கு எல்லாத் தரப்பும் வருகிறது. 2025 பிப்ரவரியில் எலஹங்காவில் அமெரிக்காவின் எஃப்-35 விமானமும் ரஷ்யாவின் சுகோய்-57 விமானமும் ஒரே கண்காட்சியில் வந்து நின்றன. காலையில் ஒரு கூட்டணியின் அதிகாரியும் மத்தியானம் அதற்கு எதிர்த்தரப்பு அதிகாரியும் உங்கள் மேசையில் இருக்கிற அதே புஷ்ஷை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே போரைப் பற்றிப் பேசாதீர்கள். உக்ரைனும் காஸாவும் தேநீர்க் கடையில் பேசிக்கொள்ளலாம். பக்கத்து ஸ்டால்காரர் ஒருவர், நல்ல தொழில்காரர், ஒரு மேற்கத்திய நிறுவனத்தின் ஆளிடம் "ரஷ்ய டாங்கிக்கெல்லாம் நாங்கதான் சார் போட்டுக்கொடுக்கறோம்" என்று பெருமையாகச் சொன்னார். எதிரே நின்றவர் சிரித்தபடியே, யாருக்கெல்லாம் எதை விற்கிறீர்கள் என்று நிரப்பித் தரும் படிவம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். நம் ராணுவத்திடம் ரஷ்ய வம்சத்து டாங்கிகள் இருப்பது உலகத்துக்கே தெரியும், அதற்குப் பாகம் செய்வதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதை வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது எழுதியே இருக்கும்.

அடுத்தது 'நேட்டோ தரம்' என்கிற பேச்சு. ஃபிளெக்ஸ் பேனரில் இதை அச்சடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விவரம் தெரிந்த அதிகாரி பார்த்ததும் கேட்பது, "எந்த எண்?" நேட்டோ நாடுகளின் கிடங்குகளில் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க இருப்பு எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகுப்பு. ஓ-ரிங் என்றால் 5331. கேஸ்கெட், பேக்கிங் வகையறா 5330. புஷ், ஷிம், ஸ்பேசர் எல்லாம் 5365. கூட்டணியில் இல்லாவிட்டாலும் இந்த எண்முறையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் தரப்படுத்தல் இயக்ககம் அதைப் பார்த்துக்கொள்கிறது. திண்டிவனத்தில் செய்கிற ரப்பர் வளையத்துக்கும் பெல்ஜியத்தில் செய்கிற வளையத்துக்கும் வகுப்பு ஒன்றுதான். என் ஒரு பக்கத் தாளில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் இந்த நான்கு இலக்கத்தைப் போட ஆரம்பித்த பிறகு, மொழி புரியாத அதிகாரிகூட விரல் வைத்துக் காட்டிக் கேள்வி கேட்கிறார். ஆயிரம் ரூபாய் செலவழித்து அடித்த வழவழப்புப் புத்தகத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அந்த ஒரு பக்கத்தில் வேறென்ன? என்ன செய்கிறோம், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை, எவ்வளவு டாலரன்ஸ் பிடிப்போம், என்னென்ன பரிசோதனைச் சான்றிதழ் தருவோம், மாதம் எத்தனை. உத்யம் பதிவு எண், தரச் சான்றிதழ். விமானப் பாகம் என்றால் ஏஎஸ்9100 இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்கிற ஸ்டால்களைத் தாண்டித்தான் அவர்கள் உங்களிடம் வந்திருக்கிறார்கள்.

பேச்சு அரை நிமிஷத்தில் முடிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சின்ன வாக்கியம், பிறகு நிறுத்தம். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அதிகாரியைப் பாருங்கள். பொருளைக் கையில் கொடுத்துவிடுங்கள், குறுக்கே வெட்டிக் காட்டிய சாம்பிளாக இருந்தால் இன்னும் நல்லது. களத்தில் வண்டி ஓட்டியவர்கள் ரப்பரும் உலோகமும் ஒட்டியிருக்கிற இடத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். அப்போது பேசாமல் இருங்கள். வாடிக்கையாளர் டிராயிங் கொடுத்துச் செய்த பாகத்தை மட்டும் மேசையில் வைக்கவே கூடாது. டிராயிங் அவருடையது. காட்சிக்கென்று சொந்த அளவில் தனியாகச் செய்துகொண்டு போங்கள்.

ஒரு வெளிநாட்டு அதிகாரி ஆசையாகக் கேட்டார் என்பதற்காக சாம்பிளைப் பையில் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ராணுவத்துக்கென்று வடிவமைத்த பாகங்கள் ஸ்காமெட் என்கிற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் ஆறாவது பிரிவில் வரும். அவற்றை வெளியே அனுப்பப் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி வேண்டும். டிராயிங்கை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். "அனுமதி வாங்கி அனுப்புகிறேன்" என்று சொன்னால் அவர்கள் கோபப்படுவதில்லை. மாறாக, இந்த ஆளுக்கு விதி தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பரிசுப் பொருளும் வேண்டாம். ஒருவர் தஞ்சாவூர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு தளபதி பின்னாலேயே ஓடியதைப் பார்த்திருக்கிறேன், பாதுகாப்பு ஆட்கள் தட்டோடு சேர்த்து ஓரங்கட்டிவிட்டார்கள்.

நாள் தேர்வும் முக்கியம். முதல் நாட்கள் தொழில்காரர்களுக்கு, கடைசி நாள் பொதுமக்களுக்கு என்பதுதான் வழக்கம். திருவிடந்தையில் பொதுமக்கள் நாள் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. குடும்பம் குடும்பமாக வந்து டாங்கி முன்னால் செல்ஃபி எடுத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக அருமையான நாள், வியாபாரத்துக்கு வீண். தொழில் நாளில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதானால் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். பெரிய தலைவர் வருகிற அன்று சாலையை எப்போது மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டைக்கு முன்கூட்டியே பதிவு செய்யாமல் வாசலில் போய் நின்று, "நான் விழுப்புரத்திலிருந்து வருகிறேன்" என்று சொல்லிப் பயனில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அதே திருவிடந்தையில்தான் ஐடெக்ஸ் திட்டமும் தொடங்கியது. 1.5 கோடி ரூபாய் வரை மானியம் என்றதும் எல்லாரும் ஓடினார்கள். அது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு. நம்மைப் போல டிராயிங் பார்த்துச் செய்கிறவர்களுக்கு 2020இல் வந்த ஸ்ரீஜன் தளம்தான் பொருந்தும். இதுவரை இறக்குமதி செய்துவந்த, இங்கேயே செய்துதர ஆள் தேடுகிற பாகங்களைப் படைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் போட்டிருக்கின்றன. கண்காட்சிக்குப் போகும் முன் அதில் உங்களால் முடிந்த பாகங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வெளியிட்ட நிறுவனத்தின் ஸ்டாலுக்கு நேரே போங்கள். சிறு நிறுவனங்களுக்கு ஸ்டால் வாடகையைத் திருப்பித் தரும் திட்டம் மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தில் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் முன்பே விசாரியுங்கள். சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் வர வேண்டும். நடைமுறையில் தாமதமாகும் என்று கணக்குப் போட்டே இந்தத் தொழிலில் இறங்குங்கள். ரைஸ் மில் வேலையை விட்டுவிடாதீர்கள்.

நாட்டின் பாதுகாப்பு ஏற்றுமதி 2013-14இல் 686 கோடி ரூபாய், 2024-25இல் 23,622 கோடி. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனையங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் சாலையோரம் உட்கார்ந்திருக்கிற நம் பட்டறைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ரப்பரின் கடினத்தன்மையையும் ஒட்டுத்திறனையும் சோதித்துச் சான்றிதழ் வாங்க ஒவ்வொரு முறையும் நான் சென்னைக்கு ஆள் அனுப்புகிறேன். திண்டிவனம் சிப்காட்டில் ஏற்பு பெற்ற பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை அரசு வைத்துக்கொடுத்தால் போதும். அதைச் செய்துவிட்டு அடுத்த கண்காட்சிக்கு எங்களைக் கூப்பிடட்டும், நாங்கள் வருகிறோம்.