மல்லாட்டையைச் செடியோடு கொண்டு வாருங்கள்

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள் திருவண்ணாமலைக்கு வந்து 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை ரயில் வேறு நேராக இங்கே வருகிறது. இத்தனை பேரைத் தன் கடை வழியாக நடக்க வைக்க ஒரு பெரிய பிராண்ட் கோடி கோடியாகச் செலவழிக்கும். உங்களுக்கு அது செலவே இல்லாமல் மாதம் ஒரு முறை நடக்கிறது. ஆனாலும் நடப்பவர் கையில் இருப்பது எங்கோ தயாரான சிப்ஸ் பாக்கெட். பாதையிலிருந்து கொஞ்ச தூரத்தில் விளையும் நெல்லும், மல்லாட்டை என்று நாம் சொல்லும் நிலக்கடலையும் அவர் கண்ணில் படாமலே ஊர் திரும்புகிறார்.

நிலம் வைத்திருக்கும் இளைஞர், வாழவச்சனூர் வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு வேலை தேடுபவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் ஆகிய மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். சோறு எங்கிருந்து வருகிறது என்று ஊராருக்கு எடுத்துச் சொல்லத் தெரிவது ஒரு ஸ்கில். ஏர் ஓட்டுவதுபோல் இதையும் பழகிக்கொள்ளலாம். பழகியவருக்கு விலை கிடைக்கிறது, வேலையும் கிடைக்கிறது. பக்கத்து வயல்காரர் ஏற்கெனவே பழக ஆரம்பித்துவிட்டார் என்பதையும் மனதில் வையுங்கள்.

1. முதலில் காட்டுங்கள்

கிரிவலப் பாதையோரம் ஒரே மரத்தடியில் இரண்டு பேர் பச்சை மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒருவர் கோணியில் குவித்து வைத்து, மேலே படியைக் கவிழ்த்துவிட்டு, போனில் மூழ்கியிருந்தார். பக்கத்தில் ஓர் அம்மா. நாலு செடியை வேரும் மண்ணுமாகப் பிடுங்கி வந்து கோணிமேல் பரப்பியிருந்தார். சென்னைக் குடும்பம் ஒன்று கடந்து போனது. ஏழெட்டு வயசுப் பெண் குழந்தை செடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இது மரத்துல காய்க்காதா?”

“இல்ல கண்ணு. பூ மேலதான் பூக்கும், மஞ்சளா. அப்புறம் அதுலேர்ந்து ஒரு விழுது கீழ எறங்கும். அது மண்ணுக்குள்ள போனாத்தான் காய் புடிக்கும்.”

சொல்லிக்கொண்டே, தண்டிலிருந்து ஊசிபோல் இறங்கிப் பாதியில் நின்றுவிட்ட ஒரு விழுதைக் காட்டினார். குழந்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்பா போட்டோ எடுத்தார். இரண்டு படி வாங்கினார்கள், பேரம் பேசவே இல்லை. பக்கத்துக் கோணியிலும் இருந்தது அதே மல்லாட்டைதான்.

அந்த அம்மா விவசாயத்தின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு விழுதைக் காட்டினார், அவ்வளவுதான். உங்களிடமும் இப்படிக் காட்ட ஏதாவது இருக்கும். நெல்லென்றால் கதிரோடு ஒரு கைப்பிடி. சாமையென்றால் உமியோடு ஒரு கிண்ணம், உமி நீக்கியது ஒரு கிண்ணம். யாராவது இன்னும் கேட்டால் அடுத்த கதைக்குப் போங்கள். மல்லாட்டைக்கு 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதையும், அதை விட்டால் காய் பொக்காகிப் போவதையும், விதைத்து 105 நாள் போல மழையையும் பன்றியையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதையும் சொல்லுங்கள். கேட்காதவரிடம் சொல்ல வேண்டாம்.

2. விலைக்கு ஒரு கணக்கு வைத்திருங்கள்

“கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முகம் சுளித்தால் கஸ்டமர் போய்விடுவார். கெஞ்சினால் விலை போய்விடும். கணக்குச் சொல்லுங்கள்: “ஒரு லிட்டர் செக்கு எண்ணெய்க்கு ரெண்டேகால், ரெண்டரை கிலோ பருப்பு ஆட்டணும் சார். பருப்பு இன்னிக்கு என்ன விலைன்னு நீங்களே கேட்டுப் பாருங்க.” அரிசிக்கும் அப்படியே. ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரை கிலோ நெல் வேண்டும். அறுப்புக் கூலி, அவிக்கும் செலவு, அரவைக் கூலி எல்லாம் அதன் தலையில் ஏறும். இதை 30 செகண்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர் கண்ணாடி முன்னால் நிற்பதில்லையா?

3. “மருந்து அடிச்சீங்களா?”

கஷ்டமான கேள்வி இதுதான். பலர் சறுக்குவதும் இங்கேதான். அடித்திருந்தால் அடித்தோம் என்று சொல்லுங்கள். என்ன மருந்து, எதற்காக, அறுப்புக்கு எத்தனை நாள் முன்னால் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்து அதைத் திறந்து காட்டினால் எதிரில் நிற்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னதால் ஓடிப்போன கஸ்டமர் குறைவு. பொய் தெரிந்து போனவர் மட்டும் திரும்பி வந்ததே இல்லை, கூடப் பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு போனார்.

‘ஆர்கானிக்’ என்று போர்டு எழுதுவதற்கு முன்னால் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் பி.ஜி.எஸ். சான்றோ, மாநில விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ வாங்குங்கள். இன்னொரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. கருப்புக் கவுனி அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் போகும், கேன்சர் வராது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்கிறார்கள். நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சர்க்கரையும் கேன்சரும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. உங்கள் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்? அந்தப் பாவத்துக்கு எந்த லாபமும் ஈடாகாது. ருசியைச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த வயலில் விளைந்தது என்று சொல்லுங்கள். அதுவே போதும்.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியையும் வயலில் நிற்கும் பயிரையும் தொடுவதில்லை. நெல்லைப் பொரியாக்கி, கடலையை எண்ணெயாக்கி, தேனைப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். பாதையில் அன்னதானத்துக்குக் கைகொடுப்பதென்றாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

4. திரும்பி வர ஒரு காரணம் கொடுங்கள்

இதில் எனக்கு குரு நெல் ஜெயராமன். 2006-ல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வந்தவர்களுக்குப் பாரம்பரிய நெல் விதை 2 கிலோ இலவசம். ஒரே நிபந்தனை: அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். யோசித்துப் பாருங்கள். விதை பெருகியது, வந்தவர் மறுபடி வந்தே ஆக வேண்டியதாயிற்று, தன் வயலில் என்ன நடந்தது என்று சொல்வதற்கும் ஒரு கதை கிடைத்தது. எந்த மார்க்கெட்டிங் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான ஃபாலோ-அப் முறையை நான் படித்ததில்லை. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் எல்லாம் இன்று நகரத்துக் கடைகளில் பெயர் சொல்லி விற்பதில் அவர் உழைப்பு இருக்கிறது.

உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு நாலு விதை மல்லாட்டை கொடுத்து, “தொட்டியில போடு, விழுது எறங்குனதும் அம்மா போன்ல போட்டோ அனுப்பு” என்று சொல்லுங்கள். நம்பர் தானாக வந்துவிடும்.

5. வயலைத் திறந்து விடுங்கள்

இங்கிலாந்தில் 2006-லிருந்து வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் தங்கள் பண்ணையைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். அங்கே அதற்கென்று நாள் குறித்து ஊரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இங்கே பௌர்ணமிக்கு மறுநாள் காலை, நடந்து முடித்தவர்கள் கால் வலியோடு லாட்ஜில் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம், பதினைந்து பேர், அதற்குமேல் வேண்டாம். வரப்பில் நடக்க வையுங்கள். மோட்டாரைப் போட்டுக் காலை நனைக்கச் சொல்லுங்கள். வேப்ப மரத்தடியில் அவித்த மல்லாட்டையும் வெல்லமும் கொடுங்கள். கிணற்றுக்குத் தடுப்பு, கழிப்பறை, குடிதண்ணீர் மூன்றும் சரியாக இருந்தால்தான் அழையுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆசிரமங்களுக்கு வெளிநாட்டினர் வருவார்கள். அவர்களுக்கென்று இருபது வரி இங்கிலீஷ் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இலக்கணம் பிசகினால் பரவாயில்லை.

6. பழக இடம் வேண்டுமா? உழவர் சந்தை

1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. அடையாள அட்டை வாங்கினால் கடைக்கு வாடகை இல்லை, தராசும் கொடுக்கிறார்கள். விலையைப் போர்டில் எழுதிவிடுவதால் விலையில் போட்டி போட முடியாது. பேச்சிலும் பொருளை அடுக்குவதிலும்தான் முடியும். புதிதாகப் பேசப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி மைதானம் இல்லை.

7. போன்

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் 2018-ல் யூடியூபில் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. அதே ஆட்கள், அதே வெட்டவெளி, விடாமல் வாரா வாரம். காமிரா வாங்கக் கடன் வாங்காதீர்கள். ஒரே வயலின் ஒரே மூலையை வாரம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். விலைக்காகத்தான். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. 2023 நவம்பரில் நம் மாவட்டத்து மேல்மாவில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்தவர்களில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலம் முழுக்கக் குரல் எழுந்தது. சில நாளிலேயே 6 பேர் மீதான ஆணையை அரசு விலக்கிக்கொண்டது. உங்கள் முகம் தெரிந்தவர், உங்கள் வரப்பில் நடந்தவர், உங்கள் அரிசியைத் தின்றவர் நகரத்தில் எத்தனை பேர் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். நாளைக்கு உங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்கள்.

வேலை தேடும் பட்டதாரிக்குத் தனியாக ஒன்று. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்தியத் திட்டம் 2020-ல் வந்தது. ஜவ்வாது மலையில்கூடப் பழங்குடி உழவர்களுக்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது. இங்கெல்லாம் இன்டர்வியூவுக்குப் போகும்போது மார்க் ஷீட்டோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். அதில் நீங்களே பேசிப் பிடித்த ஐம்பது கஸ்டமர்களின் பெயர், என்ன வாங்கினார்கள், எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்று எழுதியிருக்கட்டும். அந்த நோட்டோடு வருகிறவர் அதிகம் இல்லை.

கார்த்திகை தீபத்தில் ஆரம்பிக்கலாம். அன்றைக்கு வீட்டுக்கு வீடு பொரி வேண்டும். உங்கள் நெல்லைப் பொரித்து, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். மேலே நாலு வரி: நெல்லின் பெயர், விளைந்த ஊர், அறுத்த மாதம், உங்கள் போன் நம்பர். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.